நின்றால் நிற்கும் லாரி

அழகுமலை கடலுக்குப் போனது ஒரே ஒரு தடவைதான். அப்போதும் கடலைப் பார்த்தது அவர் முதுகுதான். சிலமலையில் ஒரு வீட்டு மொட்டைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போயிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அலையில் இறங்கிக் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, அவர் தம் ஜீப்பைப் பார்த்தபடி நின்றார். தெரியாத ஊர். ஸ்டெப்னியை எவனாவது கழற்றிக்கொண்டு போய்விட்டால்? வீடு திரும்பியதும் மனைவி முத்துப்பேச்சி, "கடல் எப்படி இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"சத்தம் சாஸ்தி" என்றார்.

மற்றபடி அவருடைய ஆயுள் ஒரே சாலையில்தான் கழிந்தது. விடியும் முன் போடியிலிருந்து கிளம்பி, சிலமலைப் பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டங்களில் அவர்களை இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் அதே பெண்களை அதே வளைவுகள் வழியே கீழே கொண்டுவர வேண்டும். அவர் நல்ல டிரைவர். அவ்வளவு சொன்னால் போதும். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை அவரே ஊரில் சொல்லிவைத்திருந்தார். ஆனால் ஒரு விஷயத்தை மறுப்பதற்கில்லை. மலையேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று அடிவாரத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். ஏறும்போது அந்தப் பலகை எல்லா டிரைவருக்கும் ஞாபகத்தில் இருக்கும். இறங்கும்போதும் அதை ஞாபகத்தில் வைத்திருந்தவர் அழகுமலை. எதிரே ஒரு வண்டி முக்கிக்கொண்டு ஏறிவருகிற சத்தம் கேட்டால் போதும், அது எந்த வளைவில் வருகிறதென்று தெரிவதற்கு முன்பே இவர் ஓரமாக ஒதுங்கி நின்றிருப்பார். "அண்ணே, லாரி முந்தல்லயே நிக்கிதுண்ணே, நாம வீட்டுக்குப் போவோம்ணே" என்று பின்னாலிருந்து பெண்கள் கெஞ்சுவார்கள்.

இப்படி மலை அவரை ஒன்றும் செய்யவில்லை. தரைதான் செய்தது. ஒரு நாள் போடி கடைவீதியில் ஜீப்பை நிறுத்திவிட்டு, வடை வாங்குவதற்காக இறங்கியவர், வழுக்கி விழுந்தார். இடது முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. "மலையில உருண்டிருந்தாலும் ஒரு கௌரவம் இருந்திருக்கும்" என்று ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். யாராவது புதிதாகக் கேட்டால் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்வார். அது பொய் இல்லை. வண்டி நின்றுகொண்டிருந்தது என்பதையும் வடையையும் மட்டும் விட்டுவிடுவார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிரச்சினை தொடங்கியது. இடது கால் என்பது கிளட்ச் கால். மலைப்பாதையில் வலது காலை விட அதற்குத்தான் சோலி அதிகம். முட்டி பழையபடி மடங்கி நீண்டு, பாரத்தைத் தாங்கினால்தான் வண்டி எடுக்கலாம் என்று பிசியோதெரபி பார்க்கும் பிரபாகரன் சொல்லிவிட்டான். தேனியிலிருந்து வந்து போடியில் சின்னதாக ஓர் இடம் போட்டிருந்த இளைஞன். தினம் சைக்கிள் மிதிக்கச் சொன்னான். ரோட்டில் போகிற சைக்கிள் இல்லை. வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிள்.

அதற்கிடையில் ஜீப்பை மச்சினன் சின்ராசு ஓட்டினான். முத்துப்பேச்சியின் தம்பி. வளைவில் ஹாரன் அடிப்பதற்குப் பதிலாகப் பாட்டைச் சத்தமாக வைக்கிறவன். வண்டியைப் பற்றி அழகுமலை தினமும் விசாரிப்பார்.

"வண்டி எப்படி மாப்ளே இருக்கு?"

"பறக்குது மச்சான்."

"அது பறக்கக் கூடாது மாப்ளே. அது ஜீப்பு."

ஆடி பிறந்த புதிதில் பொற்கொடி வந்தாள். சிலமலையில் வேலைக்கு ஆள் சேர்த்துத் தோட்டத்துக்கு அனுப்புகிறவள் அவள்தான். எந்த ஜீப்பில் யார் ஏறுவது என்பதும் அவள் வாக்குதான். நாற்காலியில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஆவணி பொறந்தா காயெடுப்பு சூடு பிடிச்சிரும்ணே. சீசன் முடியிற வரைக்கும் யாரு ஓட்டுறான்னு நான் தோட்டத்துல சொல்லியாகணும். ஒங்களுக்கு முடியும்னா அந்தப் பிசியோக்காரரு வாயால சொல்லட்டும். இல்லேன்னா சின்ராசயே போட்டுருதேன்."

"சின்ராசயா?"

"பொம்பளைக எல்லாம் அவன்தான் வேணுங்குதுக. வெரசா கொண்டாந்து விடுறானாம். பாட்டும் போடுறானாம்."

"விழுந்து கெடக்கப் போறீக எல்லாரும்."

"வடை வாங்கப் போயா அண்ணே?" என்றாள் பொற்கொடி, முகத்தை மாற்றாமல்.

அன்றைக்கே அழகுமலை சென்னையில் வேலை பார்க்கும் மகள் பவித்ராவுக்குப் போன் போட்டுச் சைக்கிளை அனுப்பச் சொன்னார். அதுவரை "நிக்கிற வண்டிய மிதிச்சா ஊருக்குள்ள சிரிப்பாங்க" என்று தள்ளிப்போட்டு வந்தவர்.

சைக்கிள் வந்தது. அதோடு பவித்ராவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு மிதித்தால் அப்பா இரண்டாவது நாளே இறங்கிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். பெடலோடு ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, டி.வி.யோடு இணைத்தாள். யாரோ ஒருவர் மாமல்லபுரத்திலிருந்து கோடியக்கரை வரை கடலோரமாகச் சைக்கிளில் போய், வழி முழுவதையும் படம் பிடித்து வைத்திருந்தார். இவர் மிதித்தால் படம் நகரும். வேகமாக மிதித்தால் வேகமாக நகரும். நிறுத்தினால் நின்றுவிடும். திரையின் மூலையில் ஒரு குட்டி வரைபடம். அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் அழகுமலை. தினம் எப்படி மிதித்தார் என்ற கணக்கு பிரபாகரனின் போனுக்குப் போய்விடும்.

புது வண்டி என்றால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கித்தான் எடுப்பார் அழகுமலை. இதற்கும் வைத்தார். சந்தனம் பூசி, கற்பூரம் காட்டி, ஏறி உட்கார்ந்து மிதித்தார். டி.வி.யில் மாமல்லபுரம் நகர்ந்துபோனது. பழம் அப்படியே இருந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தார். முத்துப்பேச்சி அந்தப் பழத்தை எடுத்து மத்தியானம் சர்பத் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஊருக்குள் செய்தி பரவ நேரமாகவில்லை. சாயங்காலம் கம்பை ஊன்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனால், நலம் விசாரிக்கிறவர்களே இல்லை. எல்லாரும் ஊரைத்தான் விசாரித்தார்கள்.

"எங்கண்ணே இருக்கீக இப்ப?"

"புதுச்சேரி தாண்டிட்டேன்."

"தாண்டிட்டீகளா? நின்னு வந்திருக்கலாமே. நல்ல சரக்கு கெடைக்குமாம்ல."

"கடலூர் போனா ஒரு கிலோ வஞ்சிரம் கொண்டாங்கண்ணே. ஐஸ் போட்டு வாங்குங்க, மிதிச்சு வர்றதுக்குள்ள நாறிரும்."

"பரங்கிப்பேட்டையில அல்வா நல்லாருக்குமாம்."

அழகுமலை கோபப்படவில்லை. உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. போடியைத் தாண்டி ஒரு வாரத்தில் அத்தனை ஊர் பார்த்தவன் அந்தக் கடையில் வேறு யாரும் இல்லை. உடம்பு போடியில் இருக்க, கண் பரங்கிப்பேட்டையில் இருந்தால் ஆள் எங்கே இருக்கிறான் என்பது பெரிய கேள்விதான். டீக்கடையில் அதை எளிதாகத் தீர்த்துவிட்டார்கள். டீக்காசு எந்த ஊரில் கொடுக்கிறாரோ அந்த ஊரில் இருக்கிறார்.

"கடற்கரைப் பக்கம் டிரைவருமாருக்கு நம்மாளுகள விட மரியாத சாஸ்தியப்பா" என்று ஒருநாள் அவரே ஆரம்பித்தார். "நான் ஒதுங்கி நின்னா அவனும் நிக்கிறான்." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அதற்கு மேல் விவரம் சொல்லவில்லை.

தரங்கம்பாடியில் ஒரு கோட்டை வந்தது. மஞ்சள் பூசிய மாதிரி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் எதிரில் ஓர் ஆட்டோ வந்ததால் அழகுமலை நெடுநேரம் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. அதனால் கோட்டையை நன்றாகப் பார்த்தார். அன்று பவித்ரா போன் செய்தபோது கேட்டார்.

"அது யாரு கட்டுனதும்மா?"

"டென்மார்க்காரங்கப்பா. நானூறு வருசம் ஆச்சு. மிளகு, துணியெல்லாம் வாங்கிக் கப்பல்ல ஏத்துனாங்களாம்."

"மிளகுன்னா மலையிலேருந்துதான வந்திருக்கும். யாரோ இறக்கிக் கொண்டாந்திருக்கான்ல?"

"இருக்கும்."

"அவன் பேரு எங்கயாச்சும் எழுதியிருக்காங்களா?"

"அதெல்லாம் யாருப்பா எழுதுவாங்க?"

"கோட்ட மட்டும் கட்டிப்புட்டான்" என்று போனை வைத்தார்.

ஆடி பாதி கழிந்தபோது பிரபாகரன் கூப்பிட்டு அனுப்பினான். போனில் அவர் மிதித்த கணக்கு ஒரு கோடாக ஓடுவதைக் காட்டினான். மலை மாதிரி ஏறும், சட்டென்று விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும்.

"நல்லா மிதிச்சுக்கிட்டு வர்றீங்கய்யா. திடீர்னு நின்னுருது. மறுபடி ஆரம்பிக்கிறீங்க, மறுபடி நிக்குது. முட்டி பூட்டிக்கிடுதா?"

"பூட்டல."

"அப்ப வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல தம்பி."

"பின்ன ஏன் நிக்கிறீங்க?"

அழகுமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நிக்க வேண்டிய எடத்துல நிக்கணும்ல."

வலியை மறைக்கிற நோயாளிகளைப் பிரபாகரன் நிறையப் பார்த்திருந்தான். முக்கியமாக, வேலைக்குப் போக அவசரப்படுகிறவர்களை. முட்டியை அமுக்கிப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததே அவனைக் கவலைப்படுத்தியது.

"ஆவணிக்கு வண்டி எடுக்க வேண்டாம்யா. பாதி மலையில கிளட்ச மிதிக்கிறப்ப இப்படி நின்னுருச்சுன்னா பின்னாடி இருக்குறவங்க கதி? ஐப்பசியில பாத்துக்கிருவோம். இந்தக் கோடு நிக்காம ஓடுச்சுன்னா முன்னாடியே வாங்க."

ஐப்பசி என்றால் சீசனில் பாதி போய்விடும். பொற்கொடி சொன்னால் சொன்னதுதான். சின்ராசு அந்த சீட்டில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். வீட்டுக்கு வந்து, பிரபாகரன் சொன்னதை மனைவியிடம் ஒப்பித்துவிட்டு, அழகுமலை சாப்பிடாமல் சைக்கிளில் ஏறினார்.

முத்துப்பேச்சி எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவர் மிதிக்கும்போது அவள் அடுப்படியில் இருப்பாள். அன்றைக்குத்தான் அவர் முகம் சரியில்லையே என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாகப்பட்டினம் தாண்டிய ஏதோ ஒரு வயல்காட்டுச் சாலை. கொஞ்ச தூரம் போனதும் சைக்கிள் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். திரையில் ஒரு குறுகலான பாலம். பாலத்தின் அந்தப் பக்கம், இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு ஒரு வைக்கோல் லாரி.

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன ஏன் நிக்கிறீங்க?"

"லாரி வருதுல்ல."

அவள் திரையைப் பார்த்தாள். "எங்க வருது? நின்னுக்கிட்டுல்ல இருக்கு."

"நான் நிக்கிறேன்ல, அதான் அவனும் நிக்கிறான்."

"அவன் போகணும்னா நீங்க மிதிக்கணும்ங்க."

"எனக்குத் தெரியாதா? படந்தான? ஆனா வழி அவனுதுல்ல. ஏறி வர்றவன் அவன்."

முத்துப்பேச்சி பூண்டைக் கீழே வைத்தாள். "கடற்கரையில எந்த மலையில ஏறி வர்றான்?"

அழகுமலை திரையின் மூலையைக் காட்டினார். வரைபடத்தில் மாமல்லபுரம் மேலே இருந்தது. கோடியக்கரை கீழே இருந்தது. சிவப்புப் புள்ளி மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. "நான் மேலேருந்து கீழ எறங்குறேனா? எதுக்க வர்றவன் கீழேருந்து மேல போறானா? அப்ப யாரு யாருக்கு வழி விடணும்? நீயே சொல்லு."

அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியவில்லை. முறத்தில் இருந்த பூண்டுத் தோல் அறை முழுவதும் பறக்கச் சிரித்தாள். அழகுமலை லாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாரியும் பொறுமையாக நின்றது.

சிரிப்பு பாதியில் நின்றது. "இருங்க. இதைத்தான் அந்தத் தம்பி முட்டி பூட்டிக்கிருச்சுங்குதா?"

அவர் தலையை ஆட்டினார்.

"இத நீங்க அங்கனயே சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? டி.வி.ல லாரி வருது, நான் வழி விடுறேன்னா? ஏற்கெனவே வடைக்கு விழுந்தவன்னு ஊரு பேசுது."

அதுதான் விஷயம். வரைபடத்தில் மேல் என்பது மேடு இல்லை என்பது அவருக்குத் தெரியும். லாரி டி.வி.க்குள் இருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்ததெல்லாம் தலைக்குத்தான். கால் அந்தப் பலகையைத் தினமும் படித்துப் படித்துத் தலையைவிட நன்றாக மனப்பாடம் செய்துவைத்திருந்தது. நிற்காமல் போய்விடுவது என்று சபதம் போட்டு இரண்டு நாள் முயன்று பார்த்தார். எதிரே ஒரு பால்காரரின் மொபெட் வந்தாலும் கால் தானாக நின்றது. கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிற பயத்தில் அதைவிட மோசமாக நின்றது.

"பேச்சி, இது நடக்காது. சின்ராசே ஓட்டட்டும்" என்று இறங்கிவிட்டார்.

அவள் டி.வி.யைப் பார்த்தாள். புள்ளி கோடியக்கரைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவளுக்குக் கணவனின் சட்டம் புரிந்துவிட்டது. அதை மாற்ற முடியாது என்பதும் புரிந்துவிட்டது.

"அப்ப கீழேருந்து மேல வாங்களேன்" என்றாள்.

"என்னது?"

"எறங்குறப்பத்தான வழி விடணும்? ஏறுனா வழி ஒங்களுதுல்ல."

அழகுமலை யோசித்தார். சட்டப்படி பார்த்தால் அதில் ஓட்டையே இல்லை. பவித்ராவுக்குப் போன் போனது. அவள் அங்கே ஆபீஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டு, அதே ஆள் கோடியக்கரையிலிருந்து மாமல்லபுரம் திரும்பும்போது பிடித்த படத்துக்கு எப்படி மாற்றுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் கோடியக்கரையிலிருந்து ஏறத் தொடங்கினார். உப்பளம் வந்தது, நிற்கவில்லை. லாரி வந்தது, நிற்கவில்லை. எதிரே வந்ததெல்லாம் தானே ஓரத்தில் நழுவிப் பின்னால் போயிற்று. "வழி விடுறான் பாத்தியா? மரியாத தெரிஞ்ச சனம்" என்றார். அதே பாலத்தில் அதே மாதிரி ஒரு வைக்கோல் லாரி வந்தபோது, ஹாரன் இல்லாத குறைக்கு வாயால் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஏறிப் போனார். ஏற்றம் அல்லவா? அதற்குத் தகுந்தபடி, பெடலைக் கனமாக்குகிற குமிழைத் திருகி இறுக்கிக்கொண்டார். சமதரையில், மின்விசிறிக்குக் கீழே, மலையேறுகிறவருக்கு உரிய வியர்வை அவருக்கு வழிந்தது. கடைசி வளைவில் தேவைப்படுகிற மூச்சைத் தரங்கம்பாடியில் வாங்கினார். கோட்டையைப் பார்க்கத்தான் இந்தத் தடவை நேரமில்லை.

ஆடிக் கடைசியில் பிரபாகரன் போனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். கோடு நூல் பிடித்த மாதிரி ஓடியது.

"யாருய்யா மிதிச்சது?"

"நான்தான்."

"சின்ராசு அண்ணன் மிதிக்கலயே?"

"அவன் மிதிச்சா கோடு போனை விட்டே வெளிய போயிருக்கும் தம்பி."

கூட வந்திருந்த முத்துப்பேச்சியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. லாரி, வரைபடம், மேல், கீழ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அழகுமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிரபாகரன் சிரிப்பை அடக்க முடியாமல் கொஞ்ச நேரம் உள்ளே போய்விட்டு வந்தான். ஆனால் நம்பிவிடவில்லை. தன் இடத்தில் இருந்த சைக்கிளில் அவரை ஏற்றி, வெறும் சுவரைப் பார்த்து மிதிக்கச் சொன்னான். சுவரிலிருந்து லாரி எதுவும் வராததால் அவர் நிற்கவில்லை. படி ஏறச் சொன்னான். குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னான். தன் கையை வைத்து இடது காலால் அழுத்தச் சொன்னான். கையை உதறிக்கொண்டு எடுத்தான்.

"ஆவணியில எடுங்கய்யா. வடைக்கு மட்டும் வேற யாரையாச்சும் அனுப்புங்க."

அதைப் பொற்கொடியிடம் போனிலும் சொன்னான். அவள் கேட்ட ஒரே கேள்வி, "பாட்டு போடுவாராமா?" என்பதுதான்.

ஆவணி முதல் வேலை நாள். அழகுமலை ஜீப் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து, ஏறி வண்டியை எடுத்தார். பழம் நசுங்கியதா என்று இறங்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் பழகிய வளைவு, பழகிய கியர். சின்ராசு இருந்த இடத்தில் ஒரு பாட்டுப் பெட்டியின் ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் இறங்கும்போதுதான். மழைத் தூறல். பின்னால் பெண்கள் கூடையும் தூக்குச் சட்டியுமாக ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். கீழே எங்கேயோ ஒரு லாரி முக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. அழகுமலை ஓரத்தில் ஒதுங்கிக் கிளட்சை மிதித்து நின்றார். முட்டி நன்றாகத்தான் இருந்தது.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

லாரி வளைவில் தலையைக் காட்டியது. அழகுமலை அசையவில்லை. அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி, அதுவும் அங்கேயே நின்றுவிடுமோ என்று பயந்துபோனதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. லாரி நிற்கவில்லை. இவர் நின்றுகொண்டிருக்கவே, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு ஏறி, பக்கத்தில் உரசுகிற மாதிரி கடந்து, மேலே போய் மறைந்தது. டிரைவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அழகுமலைக்குச் சிரிப்பு வந்தது.

"என்னண்ணே சிரிக்கிறீக?" என்றாள் முன் சீட்டில் இருந்த பொற்கொடி.

"போயிருச்சு பாத்தியா."

"எது?"

"லாரி. நான் நிக்கிறேன், அது போயிருச்சு."

பொற்கொடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முட்டியைப் பார்த்தாள். பின்னால் திரும்பி, "ஆபரேஷன் முட்டியிலதான பண்ணாக?" என்று பெண்களைக் கேட்டாள்.

"சின்ராசா இருந்தா இந்நேரம் வீட்டுல ஒலை கொதிச்சிருக்கும்" என்றது அதே குரல்.

அழகுமலை கியரைப் போட்டார். அடுத்த வளைவுக்குக் கீழே இன்னொரு வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது.